அடுப்புக்குப் பின்னால் ஏழு டைல்ஸ்

அந்த டைல்ஸை முதலில் பார்த்தது அனுப்பிரியாதான். கஞ்சிக்கோட்டில் மெயின் ரோட்டை ஒட்டிய ஒரு கடை. வாளையார் பக்கம் போகிற லாரிகளின் தூசி படிந்த கண்ணாடிக்கு உள்ளே, மூன்றாவது அலமாரியின் கீழ்த்தட்டில் அது சாய்ந்து நின்றது. நான்கு விரல்கடை அகலம், ஓர் அடி நீளம். வாழைக்குருத்து விரிகிற அன்று அதன் உட்புறம் இருக்குமே, அந்தப் பச்சை. நேராகப் பார்த்தால் ஒரு நிறம். தலையைச் சாய்த்தால் அதற்குள் இன்னொரு நிறம் தண்ணீர் போல அசைந்தது.

பிடித்தவுடன் வாங்கிவிடுகிறவள் அல்ல அவள். கல்யாணத்துக்கு முன் அதே கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் மூன்று வருஷம் இருந்தவள். எதையும் அளந்து, எழுதி, மறுபடி அளந்தால்தான் மனம் அடங்கும். அடங்கிய மனம் சாயங்காலத்துக்குள் மறுபடி கிளம்பிவிடும் என்பது வேறு விஷயம். இருபது டைல்ஸ் கொண்ட ஒரே ஒரு பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"மிச்சத்தையும் இப்பவே எடுத்துட்டாத் தேவலைங்க. பேட்ச் மாறுனா நெறமும் மாறும்" என்றார் கடைக்காரர்.

"ஊட்டுல வெச்சுப் பாத்துட்டு வர்றேனுங்க."

கொழிஞ்சாம்பாறையைத் தாண்டி, தென்னந்தோப்புக்கு நடுவில் இருந்தது வீடு. ஒரே வீடாக இருந்ததை மூன்று வருஷத்துக்கு முன் அண்ணனும் தம்பியும் இரண்டாக்கியிருந்தார்கள். பழைய பெரிய சமையல்கட்டுக்கு நடுவில் ஒரு சுவர் எழும்பியது. அதன் மேற்குப் பக்கம் மூத்த மருமகள் சிவசங்கரி கிழக்குப் பார்த்துச் சமைத்தாள். கிழக்குப் பக்கம் இளையவள் அனுவின் சமையல்கட்டு. அவளும் கிழக்குப் பார்த்துத்தானே சமைக்க வேண்டும். அதனால் அவள் அடுப்பு வெளிச்சுவரை ஒட்டிப் போயிற்று. நடுச்சுவருக்கு அவள் பக்கத்தில் பாத்திரம் கழுவும் தொட்டி வந்தது. தொட்டியில் அவள் கை நனைக்கிற இடத்துக்கு நேர் பின்னால்தான் அக்காவின் அடுப்பு. குக்கர் எத்தனை விசில் அடித்தது, எப்போது தாளித்தாள், யார் வந்து நல்லா இருக்கிறது என்றார்கள் எல்லாம் அனுவுக்குக் கேட்கும்.

டைல்ஸைச் சுவரில் சாய்த்து வைத்துக் காலை வெயிலில் பார்த்தாள். மத்தியானம் பார்த்தாள், டியூப் லைட்டில் பார்த்தாள். மஞ்சளைக் குழைத்துத் தடவி ஒரு நாள் முழுக்கக் காயவிட்டாள். புளித்தண்ணீர், கருகிய எண்ணெய் எதுவும் கறை வைக்கவில்லை. பதினோரு நாள் ஒரு நோட்டில் எழுதினாள். பன்னிரண்டாம் நாள், எல்லாம் சரியாக இருப்பதாலேயே சந்தேகம் வந்து, அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"நல்லா இருக்குதுங்களாக்கா?"

சிவசங்கரி டைல்ஸைக் கையில் எடுத்தாள். சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்தாள். ஜன்னல் பக்கம் திருப்பினாள். தேவைக்கு மேலேயே நேரம் எடுத்துப் பார்த்தாள்.

"பரவால்ல அம்மணி. சித்தெ வெளுப்பாட்ட இருக்குது." கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "எந்தக் கடை?"

கடை, அலமாரி, டைல்ஸின் நம்பர் எல்லாவற்றையும் அனு சொன்னாள். நம்பரை நோட்டைப் பார்த்துச் சொன்னாள்.

வெளுப்பு என்ற அந்த ஒரு சொல் ஒரு வாரம் அவளைத் தின்றது. பார்க்கப் பார்க்க வெளுப்பாகத்தான் தெரிந்தது. அந்தக் குழப்பத்தோடேயே மாரியம்மன் நோம்பிக்கு வேலந்தாவளத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய் ஐந்து நாள் இருந்துவிட்டு வந்தாள்.

வாசலிலேயே மாமியார் செல்லாத்தாள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வா கண்ணு, பையைப் பொறகு வெக்கலாம். சங்கரி ஊட்டு அடுப்படியை வந்து பாரு. கோயில் கொளத்தாட்ட இருக்குது."

அனு பார்த்தாள். மேடையிலிருந்து மேல் அலமாரி வரைக்கும், இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும், வாழைக்குருத்துப் பச்சை.

"நீ சொன்ன கடைதான் அம்மணி" என்றாள் சிவசங்கரி. அடுப்பில் எதுவும் இல்லாதபோதும் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"வெளுப்பா இருக்குதுன்னீங்களேக்கா."

"செவுத்துல ஏத்துனா எடுத்துக் காட்டுது."

"நல்லா இருக்குதுங்க" என்றாள் அனு. சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. நல்லாத்தான் இருந்தது. நல்லா இல்லாமல் போயிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள்.

ஊரே வந்து பார்த்தது. பால் சொசைட்டிக்காரர் மனைவி வந்தாள், அங்கன்வாடி ஷீனா டீச்சர் வந்து போன் எடுத்துப் படம் பிடித்துக்கொண்டு போனாள். ஒவ்வொருவரும் சொன்னதைத் தொட்டிக்கு முன்னால் நின்று அனு கேட்டாள். "சங்கரிக்குத்தான் இப்பிடிப் பாத்து எடுக்கத் தெரியும்." "எங்கே கண்டுபுடிச்சீங்க?" அதற்கு அக்கா சொன்ன பதில் எப்போதும் ஒன்றுதான். "சும்மா போனேன், கண்ணுல பட்டுச்சு." கண்ணில் பட்டதாம். மஞ்சள் தடவிப் பார்த்தது யார்? கருகிய எண்ணெய் ஊற்றிப் பார்த்தது யார்?

"நாமளும் அதையே போட்டா என்ன?" என்றான் அவள் கணவன் கோகுல்நாத். "ரெண்டு ஊடும் ஒண்ணு போல அம்சமா இருக்கும்."

"காப்பியடிச்சேன்னு சொல்லுவாங்க."

"மொதல்ல பாத்தது நீதானே."

"அதை எங்கே போய்ச் சொல்றது? நெத்தியில எழுதி ஒட்டிக்கட்டுங்களா?"

"ஒட்டறதுக்கு டைல்ஸ்காரன் அருள்குமாரைத்தான் கூப்புடோணும்" என்று சிரித்தான் அவன். அவள் சிரிக்கவில்லை.

அவளுக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குப் பின்னால் எரிப்பதற்காகக் குவித்திருந்த அக்காவின் காலிப் பெட்டிகளைப் புரட்டிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் பேட்ச் ஏழு என்று முத்திரை இருந்தது. அவள் பெட்டியில் நாலு. ஒரு மத்தியானம், அக்கா தோப்புக்குப் போயிருந்த நேரம், தன் டைல்ஸ் ஒன்றைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக் கொண்டுபோய் அந்தச் சுவரில் வைத்துப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. அக்காவுடையது ஒரு மாற்றுக் குறைவு. தனியாகப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. பக்கத்தில் வைத்தால்தான் அது வெளுப்பு.

அந்தப் பெட்டியைப் பரணில் ஏற்றி, பழைய போர்வையால் மூடினாள். தனக்கென்று வேறொன்றை ஒரே மத்தியானத்தில் எடுத்துவிட்டாள். மோர் நிறம், அறுகோண வடிவம். நோட்டில் எதுவும் எழுதவில்லை. 'இதுதான் நல்லது, அழுக்கு தெரியாது' என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். மோர் நிறத்தில்தான் அழுக்கு முதலில் தெரியும் என்பது வீடு வந்து சேர்ந்த பிறகு நினைவுக்கு வந்தது.

அக்கா வீட்டில் வேலை செய்த அருள்குமார்தான் இங்கேயும் வந்தான். சித்தூர்க்காரன். வாயும் கையும் சேர்ந்தே ஓடும்.

"அனுக்கா, அக்கட்டால செஞ்சாப்புல இங்கயும் பழைய டைல்ஸ் மேலேயே கம் வெச்சு ஒட்டிறட்டுங்களா? ரெண்டு நாள்ல முடிஞ்சுரும்."

அனு நிமிர்ந்தாள். "அக்காவூட்டுல கொத்தலையா?"

"அவங்க அவசரப்படுத்துனாங்க. நீங்க நோம்பியிலிருந்து வர்றதுக்குள்ள முடிக்கோணும்னு..." அருள்குமார் பாதியில் நிறுத்தி, சிமெண்டுச் சட்டியைத் தேடுவது போலக் குனிந்துகொண்டான்.

"இங்க கொத்தியே ஆவோணும்" என்றாள் அனு. "பழசை எடுத்துட்டு, வெறுஞ்செவுத்துல, ரசமட்டம் வெச்சுப் பாத்து ஒட்டோணும். மேலயே ஒட்டறது வேலையா?"

"நடுச்செவுரு நாலு இஞ்சிதானுங்க. அக்கட்டால ரெண்டு அடுக்கு பாரம் நிக்குது. சுத்தியல் போட்டா அதிரும்."

"மெதுவாக் கொத்து."

"மெதுவாக் கொத்துனாலும் சுத்தியல் சுத்தியல்தானுங்களே."

"கொத்துன்னா கொத்து."

முறைப்படி செய்யவேண்டும் என்பதற்காகத்தான் சொன்னாள். ஆனால் அது மட்டுமே காரணமில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். அக்காவின் சுவர் அவசர வேலை, தன் சுவர் சுத்த வேலை என்று ஒரு வித்தியாசமாவது இருக்கட்டும் என்று அந்த நேரத்தில் தோன்றியது.

அருள்குமார் அடுப்புச் சுவரைக் கொத்தி முடித்து, பதினோரு மணிக்கு நடுச்சுவருக்கு வந்தான். இரண்டாவது வரிசையில் உளியை வைத்து நாலு அடி போட்டிருப்பான். சுவருக்கு அந்தப் பக்கம் சரசரவென்று ஏதோ இறங்கிற்று. பிறகு தொம்மென்று ஒரு சத்தம். பிறகு சிவசங்கரியின் குரல்.

"ஐயோ, என்ற ரசம்!"

ஓடிப்போய்ப் பார்த்தார்கள். அடுப்புக்கு நேர் பின்னால் பதினோரு டைல்ஸ், அடியில் இருந்த பழைய வெள்ளையோடு சேர்ந்து விழுந்திருந்தன. ஒன்று ரசச் சட்டிக்குள் செங்குத்தாக நின்றது. நாலு முழுசாகத் தப்பியிருந்தன. ஏழு சுக்குநூறு. சிவசங்கரியின் முன்கையில் ரசம் தெறித்துச் சிவந்திருந்தது.

"ஏனம்மணி, உன்ற செவுத்தைக் கொத்தச் சொன்னியா, என்றதைக் கொத்தச் சொன்னியா?"

"வேணும்னு செய்யலைங்கக்கா."

"வேணும்னு செஞ்சேன்னு நான் சொன்னனா? நீயாத்தானே சொல்றே?"

மாமனார் குப்பண்ணன் வெற்றிலையை மென்றபடி வந்து சுவரைப் பார்த்தார். ஓட்டைக்குள் செங்கல் தெரிந்தது. "ஒம்போது இஞ்சி வையுங்கடான்னு அன்னிக்கே முட்டிக்கிட்டேன். அண்ணனும் தம்பியும் ஆளுக்கு ரெண்டு இஞ்சி எடம் போவுதுன்னு அழுதானுங்க. பாகம் பிரிச்சப்போ கிணத்துத் தண்ணிக்குக்கூட அப்பிடி அழுவலை. எடுத்த ரெண்டு இஞ்சியில இப்ப என்ன வெள்ளாமை வெச்சிருக்கறானுங்கன்னு கேளு."

"மாமா, கை வெந்து கெடக்குது, நீங்க வேற" என்றாள் சிவசங்கரி.

அனுதான் உள்ளே ஓடி மருந்தெடுத்து வந்து தடவினாள். அக்கா கையைக் கொடுத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அருள்குமார் கடைக்குப் போன் போட்டான். அந்த நம்பர் வருவது நின்றுவிட்டது என்றார்கள். பாலக்காட்டில் கேட்டான், கோயமுத்தூரில் கேட்டான், எங்கும் இல்லை. அக்காவிடம் ஒரு துண்டுகூட மிச்சமில்லை. வெள்ளிக்கிழமை பொள்ளாச்சியிலிருந்து அவள் அண்ணன் குடும்பம் வருகிறது. சமையல்கட்டைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

"நடுவுல பல்லுப் போன வாயாட்ட இருக்குது" என்றாள் செல்லாத்தாள். "நாலு டைல்ஸை வெச்சு என்ன பண்றது? இன்னும் ஏழு வேணுமே."

ஏழுதான் வேணும். பரணில் போர்வைக்கு அடியில் இருபது இருந்தன.

அனு வாயைத் திறக்கவில்லை. புதன்கிழமை முழுக்கத் திறக்கவில்லை. அருள்குமார் அவள் பக்கத்தைச் சுத்தியலை விட்டுவிட்டு, கட்டர் வைத்துப் பூப்போல அறுத்து எடுத்து, மோர் நிற டைல்ஸை ஒட்ட ஆரம்பித்திருந்தான். அவள் தொட்டி இருந்த இடத்தில் நின்று கேட்டாள். அந்தப் பக்கம் தாளிக்கிற சத்தம் இப்போது இன்னும் தெளிவாகக் கேட்டது. பார்க்க வந்தவர்கள் "அட, இதென்ன இப்பிடி ஆயிப்போச்சு?" என்றார்கள். கேட்கக் கேட்க அனுவுக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. உடனே அந்தச் சிவந்த முன்கை நினைவுக்கு வந்தது. 'நான் இவ்வளவு கெட்டவளா?' என்று நினைத்தாள். 'அவள் என்ன நல்லவளா?' என்று அடுத்து நினைத்தாள். இரண்டுக்கும் நடுவில் பரண் இருந்தது.

வியாழக்கிழமை காலையில் சிவசங்கரியே வந்தாள். கையில் ஒரு கிண்ணம் கொள்ளுப் பருப்பு. கொடுத்துவிட்டுப் போகாமல், பாதி ஒட்டிய மோர் நிறச் சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

"இது நல்லா இருக்குதா அம்மணி?"

"தெரியலைங்கக்கா."

"உனக்கே தெரியலையா?" சிவசங்கரி ஆச்சரியப்பட்டாள். "நீ எடுத்தாத் தப்பாவாதுன்னுதான் நான் அதை எடுத்தேன். எனக்கு இதெல்லாம் பாக்கத் தெரியாது. கடைக்குப் போனா எல்லாமே நல்லா இருக்கறாப்புல இருக்கும், ஊட்டுக்கு வந்தா எதுவுமே நல்லா இருக்காது. நீ நாலு தடவை திருப்பிப் பாத்து, எழுதி வெச்சு... எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு."

அனு கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அப்ப ஏனுங்கக்கா வெளுப்பா இருக்குதுன்னு சொன்னீங்க?"

சிவசங்கரி கிண்ணத்தை நேராக நகர்த்தி வைத்தாள். பொய்யைத் தேடுகிறாள் என்று அனு நினைத்தாள்.

"நல்லா இருக்குதுன்னு சொன்னா நீ அடுத்த நாளே போய் வாங்கிப் போட்டுருவியே" என்றாள் அக்கா.

அனுவுக்கு ஆத்திரம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் வாயிலிருந்து வெளிப்பட்டது சிரிப்பு. அதைப் பார்த்துச் சிவசங்கரியும், மருந்து தடவிய கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்துவிட்டாள். சாந்துக் கரண்டியோடு நின்ற அருள்குமாருக்கு யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை.

"சிரிக்காதீங்க. எனக்கு இன்னும் கோவம் போவலை" என்றாள் அனு.

"போவ வேண்டாம், வெச்சுக்க. என்ற செவுத்தையே ஒடைச்சுட்டே, கோவத்தையும் நீயே வெச்சுக்க."

அவள் போன பிறகு, அனு ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறினாள். போர்வையை விலக்கினாள். பெட்டியின் பக்கவாட்டில் பேட்ச் நாலு என்ற முத்திரை அவளைப் பார்த்தது.

அங்கேயே ஸ்டூல் மேல் நின்றாள். இதைக் கொடுத்தால் ஓட்டை அடைபடும். ஆனால் நிறம் மாறும். ஏழு மட்டும் தனியாகத் தெரியும். இது அவளுக்கு முன்பே தெரியும், வைத்தே பார்த்திருக்கிறாள். அப்படியானால் இதைக் கொடுப்பது உதவியா, இல்லை அக்காவின் சுவரில் ஏழு இடத்தில் தன் பெயரை எழுதுவதா? கம்பெனியில் இருந்தபோது சந்தேகமான பொருளைத் தனி டிரேயில் வைப்பார்கள். இந்த எண்ணத்தை வைக்கத் தனி டிரே எதுவும் இல்லை. பதில் கிடைக்கும் வரை நிற்கலாம் என்றால் கால் வலித்தது. இறங்கினாள், பெட்டியோடு.

"இத்தனை நாளு எங்கிருந்துச்சு இது?" என்றாள் சிவசங்கரி.

"பரண்ல இருந்துச்சுங்க."

"நேத்தும் இருந்துச்சா?"

"நேத்தும் இருந்துச்சு."

சிவசங்கரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி. கணக்குத் தீந்துச்சு" என்றாள்.

அருள்குமார் பெட்டியைத் திறந்து ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தான். ஒரு கண்ணை மூடினான். "ஷேடு மாறுதுங்களே. சித்தெ கூடுதல் பச்சை."

"ஈரமா இருக்கறப்ப அப்பிடித்தான் இருக்கும்" என்றாள் செல்லாத்தாள்.

"ஈரமே இல்லீங்க, ஆத்தா."

அருள்குமார் அனுவைப் பார்த்தான். அனு ஜன்னலைப் பார்த்தாள். சிவசங்கரி டைல்ஸ்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலை. ஒட்டு" என்றாள். நிஜமாகவே தெரியவில்லையா, தெரிந்துதான் சொன்னாளா என்பது அனுவுக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குப் பொள்ளாச்சிக் கார் வந்தது. அனு தன் பக்கத்தில் தொட்டி முன்னால் நின்று, ஏற்கெனவே கழுவிய டம்ளர்களை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். பேச்சுச் சத்தம் சுவரை நெருங்கி வந்தது. குழாயை மூடினாள்.

"அடேங்கப்பா, நெம்ப நல்லா இருக்குது சங்கரி." அது சிவசங்கரியின் அண்ணன் மனைவி. "ஆனா இந்த நடுவுல இருக்கற ஏழும்தான் சூப்பரா இருக்குது. வாழைக்குருத்தாட்ட! மத்ததெல்லாம் ஏன் அதுக்கு முன்னால வெளுத்தாப்புல தெரியுது?"

வெளுத்தாப்புல. அனு நனைந்த டம்ளரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

அக்கா இப்போது என்ன சொல்வாள்? அடுப்புச் சூட்டில் அப்படி ஆகிவிட்டது என்று சொல்வாள். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்வாள். சொல்லக்கூடிய பொய்களை அனு ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு காத்திருந்தாள்.

"அது மட்டும் அனு எடுத்ததுங்க" என்றாள் சிவசங்கரி. சோற்றில் கல்லைக் கடித்தவள் பேசுவது போல இருந்தது குரல். பிறகு இன்னும் மெல்ல, "மொதல்ல பாத்ததும் அவதான்."

"அப்ப மொத்தத்தையும் அவளையே எடுக்கச் சொல்லியிருக்கலாமே!"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவின் சிரிப்பு அதில் இருந்ததா என்று அனு காதைத் தீட்டிக் கேட்டாள். இருந்த மாதிரியும் இருந்தது.

டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். இத்தனை நாள் எதற்காகக் காது கொடுத்துக் காத்திருந்தாளோ அது கேட்டாயிற்று. வயிறு நிறைந்த மாதிரி இருந்தது, அரை நிமிஷம். அதன் பிறகு எதிரே இருந்த தன் சுவர் கண்ணில் பட்டது. மோர் நிறம். குழாய்க்குப் பக்கத்தில் அதற்குள்ளாகவே ஒரு மஞ்சள் விரல் தடம். இனி இருபது வருஷம் அவள் பார்க்கப்போவது இதைத்தான். அந்தப் பக்கம் அக்கா பார்க்கப்போவது அனுவின் ஏழு டைல்ஸை.

பெட்டியில் இன்னும் பதின்மூன்று இருந்தன. ஒன்றை எடுத்து வந்து, துப்பட்டாவால் துடைத்து, குழாய்க்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்தாள். ஜன்னல் வெளிச்சம் அதில் இறங்கிற்று.

விருந்தாளிகளை இந்தப் பக்கமும் கூட்டிக்கொண்டு அக்கா வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. எடுத்து உள்ளே வைத்துவிடலாமா என்று அனு கையை நீட்டினாள். பாதியில் கையை இழுத்துக்கொண்டாள்.

பார்க்கட்டும்.